மூன்று மதிப்பெண்ணில் அடங்காத கோட்டை

பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தால் முதல் கவிதையே ஒரு கோட்டையைப் பற்றியது. ஸ்காட்லாந்துக் கவிஞர் எட்வின் மியூர் எழுதிய ‘தி கேஸில்’. 2019-20 கல்வியாண்டில் புதுப் பாடநூல் வந்ததிலிருந்து, மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கோட்டைக்குள் நுழைந்துதான் மற்ற கவிதைகளுக்குப் போகிறார்கள். செஞ்சிப் பிள்ளைகளுக்கு மட்டும் இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை அவர்கள் ஊர்க் கோட்டைக்குள் புகுந்துதான் வெளியேறுகிறது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் அவர்கள் தினம் பார்க்கிற மலைகள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

அந்தப் பிள்ளையிடம் பொதுத் தேர்வு என்ன கேட்கிறது? கவிதையிலிருந்து ஒரு வரியைக் கொடுத்து, இடம் சுட்டிப் பொருள் விளக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடப் பேச்சில் அதன் பெயர் ‘ஈ.ஆர்.சி.’. மூன்றில் இரண்டுக்கு எழுத வேண்டும். ஒன்றுக்கு மூன்று மதிப்பெண். இதற்கு விடை எழுதும் முறை தமிழ்நாட்டில் அச்சுவார்த்தது போல் இருக்கிறது. முதல் வாக்கியம், இந்த வரி இன்ன கவிதையில் வருகிறது, எழுதியவர் இன்னார். அடுத்து ‘கான்டெக்ஸ்ட்’ என்று தலைப்பிட்டு ஒரு வாக்கியம். அதற்கடுத்து ‘எக்ஸ்ப்ளனேஷன்’ என்று தலைப்பிட்டு, கேட்ட வரியையே கொஞ்சம் புரட்டிப் போட்டு இன்னொரு வாக்கியம். கைடில் இருப்பதும் இதுதான், மெல்லக் கற்போருக்கான கையேட்டில் இருப்பதும் இதுதான், டியூஷனில் சொல்லித்தருவதும் இதுதான். வரியைப் புரிந்துகொள்ளாமலே மூன்றுக்கு மூன்று வாங்கலாம். வாங்குகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கேள்வி அப்படி.

அதே பிள்ளையை எழுப்பி நிறுத்தி, “இந்தக் கவிதையைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசு” என்றால் என்ன ஆகும்? முதல் வாக்கியம் வந்துவிடும். இரண்டாவது வாக்கியத்திற்குப் பிறகு அறை நிசப்தமாகிவிடும். சென்டம் வாங்கும் பிள்ளைக்கும் இந்த நிலை வரலாம் என்பதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நம் மாநிலத் தேர்வில் ஒரு பகுதியாக வாய்மொழி உரை வர வேண்டும். ஒரு கவிதையையோ உரைநடைப் பகுதியையோ கையில் வைத்துக்கொண்டு மாணவர் வாய்திறந்து விளக்க வேண்டும், பிறகு தேர்வாளர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இது எங்கோ நடக்கிற அதிசயம் அல்ல. செஞ்சியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி. அங்கே 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியில் இன்றும் பிள்ளைகள் பாக்கலோரியா தேர்வு எழுதுகிறார்கள். நம் பிளஸ் ஒன் வயதில் அவர்களுக்குப் பிரெஞ்சு இலக்கியத்தில் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. ஆண்டு முழுக்கப் படித்த பகுதிகளில் ஒன்றைத் தேர்வாளர் அந்த நேரத்தில்தான் சொல்வார். அரை மணி நேரம் தயாரிப்பு, இருபது நிமிடம் தேர்வு. பகுதியை உரக்க வாசிப்பதற்கே தனி மதிப்பெண். சென்னையிலும் கோவையிலும் ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளில், நாற்பது வரிக்கு மிகாத பகுதிகளை வைத்துப் பத்து நிமிடம் பேசி, ஐந்து நிமிடம் பதில் சொல்ல வேண்டும். கையில் பத்துக் குறிப்புகள் கொண்ட ஒரே ஒரு தாள் இருக்கலாம். அந்தப் பள்ளிகளின் கட்டணம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. காசு கட்டிப் படிக்கிற பிள்ளை பேசிப் பழகுகிறது, கட்ட முடியாத பிள்ளை எழுதிப் பழகுகிறது. கல்லூரிக்குப் போன பிறகு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சரி, ஒரு செஞ்சி மாணவி இந்தக் கவிதையை வைத்துக்கொண்டு எப்படித் தயாராகலாம்?

கவிதை 30 வரி. ஐந்தைந்து வரியாக ஆறு பத்தி. கோடைக்காலம். கோட்டைக்குள் வீரர்கள் சாவகாசமாகக் கிடக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் புல் அறுப்பவர்கள் தெரிகிறார்கள், அரை மைல் தள்ளி எதிரியும் தெரிகிறான். கவலையில்லை. ஆயுதமும் உணவும் குவிந்து கிடக்கின்றன, நட்புப் படைகள் வந்துகொண்டிருக்கின்றன, மதில் உயரம், பறவை மட்டுமே உள்ளே வர முடியும். பிறகு ஒரு திட்டிவாசல். அதற்கொரு வற்றிச் சுருங்கிய காவலாளி. அவன் திறந்துவிடுகிறான். ஒரு முனகல்கூட இல்லாமல் பேர்பெற்ற கோட்டை கைமாறுகிறது. காரணம் தங்கம். கதை இவ்வளவுதான். கைடும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது. வாய்மொழி உரை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உரக்க வாசிக்க வேண்டும், பொருள் தேடாமல், காதுக்காக. திட்டிவாசலும் காவலாளியும் வருகிற இடத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் அடுக்கி வருகின்றன. எழுத்துத் தேர்வு இதை ‘அலிட்டரேஷன்’ என்று பெயர் சொல்லி, சொற்களை எடுத்து எழுதினால் மதிப்பெண் கொடுத்துவிடும். உரக்க வாசித்தவளுக்கு வேறொன்று தெரியும். அந்த இடத்தில் உதடு குவிந்து குவிந்து, குரல் தானாகக் கிசுகிசுப்பாகிவிடுகிறது. அதுவரை மார்தட்டிக்கொண்டிருந்த கவிதை ரகசியம் பேசத் தொடங்குகிறது. ‘இங்கே அலிட்டரேஷன் இருக்கிறது’ என்பது தகவல். ‘இங்கே ஏன் இருக்கிறது’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் அது உரை.

அடுத்து, யார் பேசுவது என்று கேட்க வேண்டும். கோட்டையில் இருந்த வீரர்களில் ஒருவன், எல்லாம் முடிந்த பிறகு பேசுகிறான். அவனுக்கு முதல் வரியிலேயே முடிவு தெரியும். எங்கள் தலைவன் வீரன் என்கிறான், நாங்கள் நேர்மையாக இருந்தோம் என்கிறான். யார் கேட்டது? குற்றம் சாட்டப்படுவதற்கு முன்பே சாட்சி சொல்கிற ஆளை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து பத்திகள் வரை ‘நாங்கள்’ என்றே பேசிவந்தவன் கடைசிப் பத்தியில்தான் ‘நான்’ என்கிறான். எங்களால் எதுவும் செய்திருக்க முடியாது என்று சாகும்வரை சொல்வேன் என்கிறான். இவ்வளவு கேவலமான கதையை எப்படிச் சொல்வது என்றும் கேட்கிறான், முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டு. இந்த இடத்தைப் பிடித்துவிட்ட மாணவிக்கு மூன்று நிமிடப் பேச்சு கையில் இருக்கிறது. அவன் பேச்சை நாம் முழுக்க நம்ப வேண்டுமா? அந்தக் கதவை ஒற்றைக் கிழவனிடம் விட்டது யார்? கோடை முழுக்கக் கீழே வேடிக்கை பார்த்தவர்கள் ஒருநாளாவது அந்தத் திட்டிவாசலைப் போய்ப் பார்த்தார்களா? கவிதை இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லவில்லை என்பதை எடுத்துச் சொல்வதும் உரையின் வேலைதான்.

இதற்குப் பிறகுதான் செஞ்சி வர வேண்டும். வந்தால் எவ்வளவு வளமாக வருகிறது பாருங்கள். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவு ஒன்று உண்டு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சேனையையே சிலர் நின்று தடுக்கலாம். அதாவது கவிதையின் வீரன் பெருமைப்படும் அதே உறுதி. இந்தக் கோட்டையைத்தான் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டு 1698 வரை காத்துக் கிடந்தார். கடைசியில் கோட்டை விழுந்தபோது சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இல்லை; தப்பிப் போயிருந்தார். முற்றுகை அத்தனை ஆண்டு இழுத்ததற்குச் சுல்பிகர் கானுக்கும் ராஜாராமுக்கும் இடையே இருந்த உள் ஏற்பாடுதான் காரணம் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது, வரலாற்றாசிரியர்களும் பேசியிருக்கிறார்கள். மியூரின் கவிதையில் விலைபோனவன் உள்ளே இருந்தான். செஞ்சியிலோ வெளியே முற்றுகையிட்டவர் மீதே சந்தேகம்! அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார், கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டில் மலையேறி. எட்டு ஆண்டு தாங்கிய மதில் ஒரு ராத்திரி தாங்கவில்லை. கோட்டை விழுவதற்கும் மதிலின் உயரத்திற்கும் பெரிய சம்பந்தமில்லை என்று கவிதை சொல்வதைச் செஞ்சி மாணவி இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். சென்னை மாணவிக்கு இது கிடையாது.

ஆனால் இங்கே ஒரு குழியும் இருக்கிறது. தெரிந்த விஷயம் வாயில் வந்துவிட்டால் நிற்காது. பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், யானைக்குளம் என்று சுற்றிக் காட்டிவிட்டு வந்தால் மதிப்பெண் போய்விடும். போக வேண்டும். தேர்வு கவிதைக்குத்தான், கோட்டைக்கு அல்ல. எதைச் சொன்னாலும் கவிதையின் ஒரு வரிக்குத் திரும்பி வர முடிகிறதா என்பதே அளவுகோல். வர முடியாவிட்டால் எவ்வளவு அருமையான தகவலானாலும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

குறிப்புத்தாளில் முழு வாக்கியம் எழுதக் கூடாது என்பதை ஆசிரியர்கள் கறாராகச் சொல்ல வேண்டும். வாக்கியம் எழுதினால் பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் சரியும். “யார் பேசுகிறார் – நம்பலாமா – கடைசிப் பத்தி” என்பது போல நான்கைந்து சொல்குறிப்பு போதும். கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறவர்களில் இரண்டு ரகத்தையும் பார்க்கலாம். ஒருவர் ஒப்பிக்கிறார், நடுவில் ஒரு கேள்வி கேட்டால் முதலிலிருந்து தொடங்குகிறார். இன்னொருவர் கேள்விக்காகவே காத்திருக்கிறார். வாய்மொழித் தேர்வு தேடுவது இரண்டாமவரை.

ஆங்கிலம்? அந்தப் பயம் நியாயமானதே. வீட்டில் ஆங்கிலம் இல்லை, தெருவில் இல்லை, பல வகுப்பறைகளில் ஆங்கிலப் பாடமே தமிழில்தான் நடக்கிறது. அதனால் நான் சொல்லும் வழி ஆங்கில வாத்தியார்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: முதல் ஒத்திகை தமிழில் நடக்கட்டும். கவிதையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று தமிழில் ஐந்து நிமிடம் பேசவைத்தால், கருத்து இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கருத்து இல்லாத பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. கருத்து இருக்கிற பிள்ளைக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களைப் பழக்கிவிடலாம். எழுவாய், பயனிலை, முடிந்தது. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். அதற்கு வெட்கப்பட்டே பாதிப் பிள்ளைகள் ஊமையாகிவிடுகிறார்கள். உச்சரிப்புக்கு ஒரு மதிப்பெண்ணும் கூடாது, கழிக்கவும் கூடாது. எதிரே இருப்பவருக்குப் புரிந்தால் சரி.

வாய்மொழியாக உரை சொல்வது தமிழுக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. நம் உரை மரபே வாய்மொழியில் பிறந்தது. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை சொல்ல, எது சரியென்று தீர்மானிக்கப் பேச வராத ஐந்து வயதுப் பிள்ளையான உருத்திரசன்மனை உட்காரவைத்தார்கள் என்கிறது மரபுக்கதை. மருதன் இளநாகனார் சொன்னபோது சில இடங்களில் மட்டும் அவன் கண்ணீர் விட்டான். நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தான். கவனியுங்கள், ஒருவருக்குப் பகுதி மதிப்பெண், ஒருவருக்கு முழு மதிப்பெண். அந்த உரை பத்துத் தலைமுறை வாய்வழியாகவே வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் சேர்ந்ததாக அந்த நூலே சொல்கிறது. திருவாய்மொழிக்கு ‘ஈடு’ என்ற பேருரை, திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தது. உரை என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று நன்னூல் 14 அங்கங்களை அடுக்குகிறது. அவற்றில் உதாரணம் உண்டு, வினா உண்டு, விடையும் உண்டு. கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிப் பார்ப்பதை உரையின் உறுப்பாகவே வைத்தவர்கள் நாம். இதையெல்லாம் பட்டிமன்ற மேடையில் பெருமையாகப் பேசிவிட்டு, பிள்ளைக்குத் தேர்வு என்று வரும்போது பேனாவை மட்டும் கொடுக்கிறோம்.

எதிர்ப்புகள் வரும். முதலாவது, எட்டு லட்சம் பேரைப் பேசவைக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆசிரியர் ஒரு நாளில் இருபது பேரைக் கேட்கலாம் என்று வைத்தால் 40,000 ஆள்நாள். 4,000 ஆசிரியர்கள் பத்து நாளில் முடித்துவிடலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் செய்முறைத் தேர்வுகளை வேறு பள்ளி ஆசிரியர்களை வரவழைத்து ஆண்டுதோறும் நடத்துகிற துறைக்கு இது மலையல்ல. தவளையின் இதயத்தைப் பற்றி ‘வைவா’ கேட்கலாம், கவிதையைப் பற்றிக் கேட்கக் கூடாதா?

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. செய்முறைத் தேர்வில் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுத் தள்ளுவது ஊரறிந்த ரகசியம். பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு இப்போதிருக்கும் பத்து மதிப்பெண் அகமதிப்பீட்டின் கதையும் அதுவே. வாய்மொழித் தேர்வும் இப்படி ஆகிவிடாதா? ஆகலாம். வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று என்றும் போகலாம். சாதி பார்க்கும் கண் எழுத்துத் தாளில் பார்க்க முடியாததை நேரில் பார்த்துவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு. ஐ.பி. தேர்வில் பேச்சைப் பதிவுசெய்து மாதிரிகளை வெளியே அனுப்பி மறுபடி சரிபார்க்கிறார்கள். நம்மிடம் கைபேசி இல்லாத ஆசிரியர் இல்லை. பதிவு செய்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கும், பதிவாகிறது என்று தெரிந்தால் தேர்வாளரும் ஒழுங்காக இருப்பார். ஆனாலும் முதல் ஆண்டிலேயே இதைப் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு கட்டிவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதற்கு வேறொரு இடம் காலியாகியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பிளஸ் ஒன் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. அந்த ஆண்டை என்ன செய்யப்போகிறோம்? பல பள்ளிகள் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே தொடங்கிவிடும். பழைய நோய் திரும்பும். அதற்கு முன்னால் பிளஸ் ஒன் ஆங்கிலத்தில் ஆண்டுக்கு இரண்டு வாய்மொழி உரைகளைக் கட்டாயமாக்குங்கள். பொதுத் தேர்வுப் பயம் இல்லை, ரேங்க் இல்லை, தட்டுத்தடுமாற இடம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கல்வி ஒன்றியத்தில் முதலில் செய்துபார்க்கலாம், செஞ்சியிலேயே தொடங்கலாம்.

பிளஸ் ஒன் புத்தகத்திலும் இதற்கு ஏற்ற கவிதை இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்டு பேசும் ‘தி ஹாலோ கிரௌன்’. தோற்றுக்கொண்டிருக்கும் ராஜா தரையில் உட்கார்ந்து, செத்துப்போன ராஜாக்களின் கதைகளைப் பேசலாம் வாருங்கள் என்கிறான். தன் உடம்பை அசைக்க முடியாத மதில் என்று நம்பியிருந்தவனைச் சாவு ஒரு குண்டூசியால் துளைத்துவிட்டுப் போகிறது. செஞ்சிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தோற்ற ராஜா ஒருவன் இருக்கிறான். 1714-ல் நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்த தேசிங்கு. அவன் கதைப்பாடலில் புலம்பல் குறைவு. குதிரையும், கல்யாணக் கோலத்திலேயே போருக்கு வந்துசேர்ந்த நண்பன் மாவுத்துக்காரனும்தான் அதில் நிறைந்திருக்கிறார்கள். தோற்றவன் கதையை ரிச்சர்டு தானே சொல்கிறான்; தேசிங்கின் கதையை ஊர் சொல்கிறது. இந்த வித்தியாசம் கதையை எப்படி மாற்றுகிறது என்று தேர்வாளர் கேட்கலாம். மாணவி தயாரித்து வந்த குறிப்பில் அதற்குப் பதில் இருக்காது. யோசித்துச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் கொடுக்க வேண்டும், குறுக்கிடாமல்.